ஸ்கார்லெட் காய்ச்சல்

ஸ்கார்லெட் காய்ச்சல் என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியா தொண்டையில் தொற்றுவதால் வரும் நோயாகும். பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இது வருகிறது. கடுங்காய்ச்சல், தொண்டை வலி, தொட்டால் சொரசொரக்கும் தடிப்பு, செக்கச் சிவந்த நாக்கு ஆகியவை இதன் அடையாளங்கள். பென்சிலின் வகை மருந்துகளால் முழுமையாகக் குணமாகும். ஆனால் மருந்து கொடுக்காமல் விட்டாலோ பாதியில் நிறுத்தினாலோ, சில வாரங்கள் கழித்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். இந்நோய் கவனிக்கப்பட வேண்டியதாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் இந்தப் பின்விளைவுதான்.

ஸ்கார்லெட் என்ற ஆங்கிலச் சொல் பளிச்சென்ற சிவப்பு நிறத்தைக் குறிக்கும். வெள்ளைத் தோலில் தடிப்பு அந்த நிறத்தில் தெரிந்ததால் ஐரோப்பியர் வைத்த பெயர் அது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இதைத் தட்டம்மையிலிருந்து வேறுபடுத்தி எழுதினார். பெயரிலேயே நிறம் இருப்பதால் நம் ஊர்ப் பெற்றோர் அந்த நிறத்தைத் தேடி ஏமாந்துபோவதும் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் காணலாம்.

கிருமியும் நஞ்சும்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்கள் நுண்ணோக்கியில் மணி கோத்த மாலைபோலத் தெரியும். அவற்றை 1930-களில் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்க அறிவியலாளர் பல பிரிவுகளாக வகைப்படுத்தினார். ஸ்கார்லெட் காய்ச்சலைத் தருவது அவற்றுள் 'ஏ' பிரிவு. சாதாரணத் தொண்டைப் புண், தோலில் வரும் சீழ்ப்புண், பழங்காலத்தில் பிரசவித்த பெண்களைக் கொன்ற பிரசவக் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் இதே கிருமிதான் காரணம்.

அப்படியானால் ஒரே கிருமி ஒரு குழந்தைக்கு வெறும் தொண்டை வலியையும், இன்னொரு குழந்தைக்கு உடல் முழுவதும் தடிப்பையும் தருவது ஏன்? தடிப்பை உண்டாக்குவது கிருமி நேரடியாக அன்று, அது சுரக்கும் நஞ்சு. அந்த நஞ்சைச் செய்யும் மரபணு எல்லா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளிடமும் இருப்பதில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஒருவகை வைரஸ் அந்த மரபணுவைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நோய்க்கே ஒரு நோய் வந்து அதை மேலும் கொடியதாக்குகிறது என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். நஞ்சு உள்ள கிருமி தொற்றினாலும், அந்த நஞ்சுக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்ற குழந்தைக்குத் தடிப்பு வராது. தொண்டை வலி மட்டும் வரும். நஞ்சில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதால் சிலருக்கு இந்நோய் இரண்டாம் முறையும் வரக்கூடும்.

இதைக் கண்டறிந்தவர்கள் சிகாகோவைச் சேர்ந்த ஜார்ஜ் டிக், கிளாடிஸ் டிக் தம்பதியர். 1920-களின் முற்பாதியில் அவர்கள் செய்த ஆய்வுகளால்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸே காரணம் என்பது உறுதியாயிற்று.

நம் ஊரில் இந்நோய் உண்டா?

வெப்பமண்டல நாடுகளில் ஸ்கார்லெட் காய்ச்சல் அரிது என்று பழைய மருத்துவ நூல்கள் எழுதிவந்தன. இன்றும் சென்னைப் பகுதியில் டெங்கு, டைஃபாய்டு, சளிக் காய்ச்சல் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இந்தப் பெயர் காதில் விழுவது குறைவு. ஆனால் கிருமி இங்கே இல்லை என்று பொருள் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பள்ளிக் குழந்தைகளின் தொண்டையில் 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருப்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். அந்தக் கிருமியின் பின்விளைவான ருமாட்டிக் இதய நோய் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் இதயப் பிரிவுகளுக்குப் புதியது அன்று. பின்விளைவு இங்கே உண்டு, முதல் நோய் மட்டும் கிடையாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் குழந்தைகளிடம் ஸ்கார்லெட் காய்ச்சல் அதிகமாகக் காணப்படுவதாக அங்குள்ள மருத்துவர்கள் கூறினர், செய்தித்தாள்களும் எழுதின. அதற்கு முன் 2011-இல் ஹாங்காங்கிலும், 2014 முதல் இங்கிலாந்திலும் நோய் திடீரெனப் பெருகியது. கொரோனாக் கட்டுப்பாடுகள் விலகிய பின் 2022 டிசம்பரில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் இது கூடியதை உலக சுகாதார நிறுவனம் சுட்டிக்காட்டியது.

ஆவடி போன்ற ஊருக்கு இச்செய்தி தொலைவானது அன்று. கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை எனப் பல மத்திய அரசு அமைப்புகள் இருப்பதால், இடமாற்றலாகி வரும் குடும்பங்களின் குழந்தைகள் ஆண்டின் நடுவிலும் இங்குள்ள பள்ளிகளில் சேர்கின்றனர். அம்பத்தூர், பூந்தமல்லி, திருநின்றவூர் வரை பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்களும், சிறிய அறையில் முப்பது பேரை உட்காரவைக்கும் டியூஷன் வகுப்புகளும் தொண்டையில் வாழும் கிருமிக்கு மிகவும் வசதியானவை.

பரவும் விதம்

நோயுற்ற குழந்தை இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளே முதன்மையான வழி. ஒரே தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது, ஒரே கரண்டியில் சாப்பிடுவது, மூக்கைத் துடைத்த கையால் மற்றவரைத் தொடுவது ஆகியவற்றாலும் பரவும். கிருமி உட்புகுந்து 2 முதல் 5 நாளுக்குள் நோய் தொடங்கும். மருந்து கொடுக்காவிட்டால் குழந்தை இரண்டு மூன்று வாரம் வரை மற்றவர்களுக்குப் பரப்பக்கூடும். சரியான ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் கடந்தால் பரவும் ஆற்றல் பெருமளவு நீங்கிவிடும்.

நலமாக உள்ள பள்ளிக் குழந்தைகளிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் தொண்டையில் இக்கிருமியை எந்தத் தொல்லையும் இன்றிச் சுமந்துகொண்டிருக்கலாம். அவர்களால் பரவும் வாய்ப்பு குறைவு. பொதுவாக மருந்தும் தேவையில்லை.

அறிகுறிகள்

நோய் திடீரெனத் தொடங்கும். காலையில் பள்ளிக்குப் போன குழந்தை மாலையில் 102, 103 டிகிரி காய்ச்சலோடு திரும்பும். எச்சில் விழுங்கினால் வலிக்கும். தலைவலி, வயிற்று வலி, வாந்தி ஆகியவை சேர்ந்து வருவதால் முதல் நாளில் வயிற்றுக் கோளாறு என்றே பலர் எண்ணுவர். டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையும் டான்சிலும் சிவந்து வீங்கியிருக்கும். சில சமயம் வெள்ளைத் திட்டுகளும் மேலண்ணத்தில் சிறு சிவப்புப் புள்ளிகளும் தெரியும். கழுத்தின் முன்பக்கம், தாடைக்குக் கீழே நெறிகட்டித் தொட்டால் வலிக்கும்.

ஒன்றிரண்டு நாளில் தடிப்பு தோன்றும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, மார்பு ஆகிய இடங்களில் தொடங்கி வயிறு, முதுகு, கைகால் எனப் பரவும். குண்டூசித் தலையினும் சிறிய மேடுகள் நெருக்கமாக எழும்பும். அக்குள், முழங்கை மடிப்பு போன்ற இடங்களில் தடிப்பு கோடுகளாக அடர்ந்திருக்கும். முகத்தில் கன்னங்கள் சிவந்திருக்க, வாயைச் சுற்றி மட்டும் வெளிறித் தெரியும்.

நாக்கு இந்நோயின் நல்ல சாட்சி. முதல் இரண்டு நாள் வெள்ளை மாவு பூசியதுபோலவும், அதனூடே சிவப்புப் புள்ளிகள் துருத்திக்கொண்டும் இருக்கும். நான்காம், ஐந்தாம் நாளில் அந்த வெள்ளைப் படலம் உரிந்து, நாக்கு முழுவதும் சிவந்து சொரசொரப்பாகிவிடும். மருத்துவ நூல்கள் இதை ஸ்ட்ராபெரி நாக்கு என்கின்றன. நம் பிள்ளைகளுக்கு லிச்சிப் பழத்தின் தோல் என்றால் சட்டென விளங்கும்.

ஏறத்தாழ ஒரு வாரத்தில் தடிப்பு மங்கும். அதன்பின் விரல் நுனி, உள்ளங்கை, பாதம், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் உரியத் தொடங்கும். இது சில வாரங்கள் நீடிக்கலாம். அப்போது குழந்தை நலமாகவே இருக்கும்; தோல் உரிவதால் நோய் பரவாது. ஆனால் காய்ச்சலின்போது என்ன நோய் என்று தெரியாமல் போனவர்களுக்கு, இந்தத் தோல் உரிதல்தான் பின்னால் கிடைக்கும் துப்பு.

மாநிறத் தோலில் தடிப்பு

பாடநூல்களிலும் இணையத்திலும் உள்ள படங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரக் குழந்தைகளுடையவை. தக்காளிச் சிவப்பில் முதுகு தெரியும். மாநிறமோ கறுப்போ உள்ள குழந்தையிடம் அந்தச் சிவப்பைக் காண முடியாது. தோல் சற்றுக் கருத்தோ, சாம்பல் பூத்தோ, கொஞ்சம் தடித்தோ தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். எனவே இங்கே கண்ணைவிடக் கையை நம்புவது மேல். குழந்தையின் வயிற்றிலும் மார்பிலும் உள்ளங்கையால் மெல்லத் தடவினால் தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் உள்ள கோடுகளைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நாக்கின் நிறம் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றே என்பதால் அதைப் பார்ப்பது மிகவும் உதவும்.

சித்திரை, வைகாசி வெயிலில் வரும் வேர்க்குருவும் இப்படியே சொரசொரக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேர்க்குரு உள்ள குழந்தைக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் இருக்காது, அரிப்பு இருக்கும்.

அம்மை என்று எண்ணும் குழப்பம்

காய்ச்சலோடு உடலில் ஏதேனும் எழும்பினால் அதை அம்மை என்று கொள்வது தமிழ்நாட்டு வழக்கம். வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, மாத்திரை மருந்து எதுவும் கொடுக்காமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருப்பர். சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் இந்த வழக்கத்தில் ஒரு நன்மை உண்டு: குழந்தை வீட்டோடு இருக்கும், மற்ற பிள்ளைகள் அண்டமாட்டார்கள், இளநீரும் கஞ்சியும் கிடைக்கும். அவை வைரஸ் நோய்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓய்விலேயே தணிந்துவிடும். ஸ்கார்லெட் காய்ச்சல் பாக்டீரியா நோய். இதிலும் காய்ச்சல் ஐந்தாறு நாளில் தானே இறங்கிவிடும் என்பதுதான் ஆபத்து. மாரியம்மன் இறங்கிவிட்டாள் என்று வீட்டார் நிம்மதியடைவர். மருந்து கொடுத்திருக்க வேண்டிய நாள்களோ கைவிட்டுப் போயிருக்கும். அம்மனுக்கு வேண்டிக்கொள்வதற்கும் மருத்துவரிடம் காட்டுவதற்கும் இடையே பகை எதுவும் இல்லை.

பெயராலும் ஒரு குழப்பம் நேர்கிறது. தட்டம்மைக்கு மணல்வாரி என்ற பெயரும் உண்டு. மணல்போல் எழும்பியிருக்கிறது என்று கேட்டவுடன் மணல்வாரி என்று முடிவுகட்டுவது எளிது. தட்டம்மையில் கடும் இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண் ஆகிய மூன்றும் முதலில் வரும். தடிப்பு காதுக்குப் பின்னும் முகத்திலும் தொடங்கிக் கீழிறங்கும். ஸ்கார்லெட் காய்ச்சலில் இருமலும் சளியும் பொதுவாக இருக்காது. தடிப்பு கழுத்திலும் மார்பிலும் தொடங்கும். சின்னம்மையில் நீர்க்கொப்புளம் இருக்கும் என்பதால் அதில் குழப்பம் குறைவு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆவடிப் பகுதியில் டெங்கு பரவும். டெங்குவிலும் உடல் சிவக்கும். ஆனால் உடல்வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் முன்னிற்கும். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறையும். உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸில் உடலின் மறைவிடத்தில் சிகரெட் சுட்டதுபோன்ற கருமையான புண் தென்படலாம். மிக முக்கியமாக விலக்கிப் பார்க்க வேண்டியது கவாசாகி நோய். அதிலும் நாக்கு இப்படியே சிவக்கும், விரல் நுனித் தோல் உரியும். ஆனால் பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டோருக்கு வரும், காய்ச்சல் ஐந்து நாளுக்கு மேல் நீடிக்கும், கண் சிவந்தும் பீளை இருக்காது, உதடு வெடிக்கும், கைகால் வீங்கும். அதற்கான மருந்து முற்றிலும் வேறு. இத்தனை நோய்கள் ஒன்றுபோலத் தோன்றுவதால், தடிப்பைப் புகைப்படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்பது மருத்துவரிடம் காட்டுவதற்கு ஈடாகாது.

பரிசோதனை

தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரியை இரத்த அகார் தட்டில் வளர்த்துப் பார்ப்பதே உறுதியான வழி. 24 முதல் 48 மணி நேரத்தில் முடிவு தெரியும். கிருமியைச் சுற்றியுள்ள இரத்த அணுக்கள் கரைந்து தெளிவான வளையம் உண்டாகும். சில நிமிடங்களில் முடிவு தரும் விரைவுப் பரிசோதனை அட்டைகளும் உள்ளன. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அறிகுறிகள் தெளிவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்குவதும் உண்டு.

ஏ.எஸ்.ஓ. என்ற இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு சொல். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அது அளக்கிறது. அந்த அளவு கூடுவதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மூன்று முதல் ஆறு வாரத்தில்தான் உச்சத்தை அடையும். ஆகவே தொண்டை வலிக்கும் நாளில் அதை எடுத்துப் பார்த்துப் பயனில்லை. பின்னாளில் மூட்டு வலியோ இதயக் கோளாறோ வரும்போது, முன்பு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று இருந்ததா என்று அறியவே அது உதவும். அந்த எண் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக மட்டும், எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கு மாதக்கணக்கில் ஊசி போடுவது சரியன்று.

சிகிச்சை

பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டு ஏறத்தாழ நூறாண்டு ஆகப்போகிறது. எத்தனையோ கிருமிகள் அதற்கு அடங்காதவையாக மாறிவிட்டன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் மட்டும் இன்றுவரை பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது. விலை குறைந்த மருந்து. இந்தியாவிலேயே புனேக்கு அருகில் பிம்பிரியில் 1950-களில் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் பென்சிலின் செய்யத் தொடங்கிவிட்டது.

வாய்வழி மருந்தாகப் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் 10 நாள் கொடுக்கப்படும். அளவைக் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவரே குறிப்பார். பத்து நாள் மருந்து கொடுப்பது கடினம் என்ற நிலையில், பென்சாதின் பென்சிலின் ஊசியை ஒரே ஒரு முறை போட்டாலும் போதும். இந்த ஊசி வலிக்கும். ஒவ்வாமை அச்சத்தால் சில கிளினிக்குகளில் போடத் தயங்குவர். கடும் ஒவ்வாமை அரிதே என்றாலும், அவசரச் சிகிச்சை வசதியுள்ள இடத்தில் போட்டுக்கொள்வதே முறை. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அசித்ரோமைசின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றில் சிலவற்றுக்குக் கிருமி அடங்காமல் போவதும் உண்டு.

மருந்து தொடங்கிய இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி, குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடும். இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் மருந்து நின்றுபோகிறது. சிறு குழந்தைகளுக்கான அமாக்சிசிலின், பாட்டிலில் பொடியாக வரும். ஆறவைத்த நீரைக் குறித்த கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலக்கிய மருந்து பெரும்பாலும் ஏழு நாளுக்குமேல் தாங்காது, பாட்டிலும் சிறியது. அதனால் பத்து நாளுக்கு இரண்டாவது பாட்டில் வாங்கியே ஆகவேண்டியிருக்கும். ஒரு பாட்டில் தீர்ந்ததும் மருந்து முடிந்தது என்று எண்ணிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மருந்துக் கடையில் முதல் நாளிலேயே இரண்டாவது பாட்டிலைப் பொடியாகவே வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும் நாளில் கலக்கலாம். மிச்ச மருந்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பது கூடாது. மருத்துவரைக் காணாமல், சென்ற முறை எழுதிய சீட்டைக் காட்டி வாங்குவதும் கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வெதுவெதுப்பான உப்புநீரில் தொண்டை கொப்பளிக்கத் தெரிந்த குழந்தை கொப்பளிக்கலாம். விழுங்க வலிக்கும் என்பதால் காரமில்லாத ரசம்சாதம், கஞ்சி, மோர், குழைந்த இட்லி ஆகியவை ஏற்றவை. வேப்பிலையும் மஞ்சளும் தோலின் அரிப்பைத் தணிக்கலாம். தொண்டையில் உள்ள கிருமியை அவை கொல்லா.

எச்சில்கூட விழுங்க முடியாமல் வழியவிடுதல், வாய் திறக்க முடியாமை, மூச்சுத்திணறல், கழுத்து விறைப்பு, கைகால் சில்லிட்டு மயங்கிக் கிடத்தல், சிறுநீர் மிகக் குறைதல் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கிருமி இரத்தத்திலோ கழுத்தின் ஆழத்திலோ புகுந்திருப்பதன் அடையாளமாக அவை இருக்கலாம். மற்றபடி ஆவடி அரசு மருத்துவமனையிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தொடக்கச் சிகிச்சை பெறலாம். மேல்சிகிச்சைக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளது.

ஒன்பது நாள் கணக்கு

1949, 1950-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள ஒரு விமானப்படை முகாமில், தொண்டைப் புண் வந்த இளம் படைவீரர்களுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்தனர். மருந்து பெற்றவர்களிடம் ருமாட்டிக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. அடுத்த சில ஆண்டுகளில், நோய் தொடங்கி ஒன்பதாம் நாளில் மருந்தைத் தொடங்கினாலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதும் தெரியவந்தது. பரிசோதனை முடிவுக்கு இரண்டு நாள் காத்திருக்கலாம், ஊரிலிருந்து திரும்பி வந்தும் மருந்தைத் தொடங்கலாம் என்று இதிலிருந்து ஆறுதல் கொள்ளலாம். ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பத்துப் பன்னிரண்டு நாள் கடத்துவதற்கு இதில் இடமில்லை.

இதயத்தைத் தொடும் பின்விளைவு

தொண்டை ஆறி இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, சில குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கி வலிக்கும். அது சரியாகும்போதே கணுக்கால் வலிக்கும், பிறகு முழங்கை. வலி இப்படி மூட்டுக்கு மூட்டுத் தாவுவது ருமாட்டிக் காய்ச்சலின் குறி. வளரும் பிள்ளைக்கு வரும் கால்வலி என்றோ, விளையாட்டில் அடிபட்டது என்றோ இதைத் தள்ளிவிடுவதுண்டு. சில பிள்ளைகளுக்குக் கைகால் தன்வசமின்றி இழுத்து அசையும். கையெழுத்து திடீரெனக் கெட்டுப்போகும், கையிலிருந்து டம்ளர் நழுவும். கோரியா எனப்படும் இந்நிலையைச் சேட்டை என்று தண்டிக்காமல் கவனிக்க வேண்டியவர்களுள் வகுப்பாசிரியர் முதல்வர்.

கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பாற்றல், கிருமிக்கும் இதயத் திசுவுக்கும் உள்ள ஒற்றுமையால் ஏமாந்து, சொந்த இதயத்தையே தாக்குவதுதான் இதற்குக் காரணம். மூட்டு வலி தழும்பின்றி மறையும். இதய வால்வில் விழுந்த தழும்பு மறையாது. ஒவ்வொரு புதிய தொற்றிலும் அது கூடும். இடப்பக்கமுள்ள மைட்ரல் வால்வு சுருங்குவதே அதிகம். இதில் துயரமானது என்னவென்றால், இடையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எதுவும் தெரியாமல் கழிந்துவிடும். பல பெண்களுக்கு முதல் கருத்தரிப்பின்போது மூச்சு வாங்கி மருத்துவமனைக்கு வந்த பிறகே, குழந்தைப் பருவத்தில் இதயம் பாதிக்கப்பட்டது தெரியவருகிறது.

உலகில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் ருமாட்டிக் இதய நோயோடு வாழ்கின்றனர். இந்தியாவில் இதய அறுவைச் சிகிச்சை வேரூன்றியதற்கே இந்நோய் ஒரு பெருங்காரணம். 1950-களில் வேலூரில் தொடங்கிய ஆரம்பகால இதய அறுவைகளுள் சுருங்கிய மைட்ரல் வால்வைத் திறப்பது முக்கியமானது. வெளிநாட்டுச் செயற்கை வால்வுகளின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தபோது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உள்நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைகளுக்கு இடமுண்டு. ஆயினும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய ஒன்று நெஞ்சைத் திறக்கும் வரை போய்விட்டது என்பதை மறக்க இயலாது.

ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சாதின் பென்சிலின் ஊசி தொடர்ந்து போட வேண்டும். இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது பத்தாண்டு அல்லது 21 வயது வரை. வால்வு கெட்டிருந்தால் அதற்கும் மேல். வீடு மாறினாலும் பள்ளி மாறினாலும் இந்த ஊசி அட்டை கூடவே போக வேண்டும். பள்ளிகளுக்கு வரும் ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் மருத்துவக் குழுவினர் தேடிப் பார்க்கும் நோய்களுள் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. அக்குழு வரும் நாளில் பிள்ளைகளை விடுப்பு எடுக்கவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

சிறுநீரகம் பாதிக்கப்படுவது இன்னொரு பின்விளைவு. ஒன்று முதல் மூன்று வாரத்தில் முகமும் கண்ணிமையும் காலையில் வீங்கியிருக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். இரத்த அழுத்தம் ஏறும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது முழுமையாகக் குணமாகிவிடும். ஆனால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் இதை உறுதியாகத் தடுக்க முடிவதில்லை என்பதால், நோய் ஆறிய பின்னும் மூன்று வாரம் சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கக் குழந்தைக்கே சொல்லிவைக்கலாம்.

பள்ளியிலும் வீட்டிலும் தடுப்பு

மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் இறங்கிய குழந்தை பள்ளிக்குத் திரும்பலாம். தோல் உரிவதை வைத்து அனுப்ப மறுக்கத் தேவையில்லை. அதற்கு முன் அனுப்புவதே தவறு. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது பாராசிட்டமால் கொடுத்து அனுப்பும் பெற்றோர் இருக்கின்றனர். ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்குப் பரிசு தரும் வழக்கமும் இதற்குத் துணைபோகிறது. அந்தப் பரிசைக் கைவிடுவது பள்ளிகளின் சுகாதாரத்துக்கு நல்லது.

ஒரே வகுப்பில் சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குத் தொண்டை வலியும் தடிப்பும் வந்தால், தலைமையாசிரியர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நோயுற்ற குழந்தையின் பெயரை மற்ற பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடிக்கும் பழைய பழக்கம் இங்கே கைகொடுக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவுதல், முழங்கை மடிப்பில் இருமுதல், சாளரங்களைத் திறந்துவைத்தல் ஆகியவற்றை எந்தப் பள்ளியும் செலவின்றிச் செய்யலாம்.

வீட்டில் தட்டு, டம்ளர், துண்டு ஆகியவற்றைச் சில நாள் தனியாக வைத்து, வெந்நீரில் கழுவினால் போதும். மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் பல்துலக்கும் பிரஷை மாற்றிவிடலாம். உடன்பிறந்தவர்களுக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே காட்ட வேண்டும். நலமாக இருந்தால் முன்கூட்டியே மருந்து தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசி

அட்டவணைப்படி எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்றே என்று பெற்றோர் கேட்பது இயல்பு. தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசியோ, தொண்டை அடைப்பான் தடுப்பூசியோ ஸ்கார்லெட் காய்ச்சலைத் தடுக்காது. இதற்கெனத் தடுப்பூசி இன்னும் இல்லை. கிருமியின் மேலுறையிலுள்ள 'எம்' புரதத்தில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பது ஒரு தடை. அந்தப் புரதம் இதயத் திசுவை ஒத்திருப்பதால் தடுப்பூசியே ருமாட்டிக் காய்ச்சலைத் தூண்டிவிடுமோ என்ற அச்சம் இன்னொரு தடை. 1960-களில் அமெரிக்காவில் சோதனைத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் சிலருக்கு அவ்வாறு நேர்ந்தது. அதையொட்டி 1979-இல் அந்நாட்டு அரசு விதித்த தடை கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2018-இல் உலக சுகாதாரப் பேரவை ருமாட்டிக் இதய நோய் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றிய பின் இத்துறைக்குக் கவனம் கூடியிருக்கிறது. 'எம்' புரதத்தின் தீங்கற்ற சிறு பகுதிகளை மட்டும் எடுத்துச் செய்த தடுப்பூசிகள் மனிதரிடம் தொடக்கநிலைச் சோதனை வரை வந்துள்ளன.